உன்மேல் எழுதியது யார்?

தியானத்திற்கு: ஏசாயா 52:1-3, லூக்கா 19:41-44, யோவான் 19:19-22



  இந்த முறை ஒரு பழைய காசை உங்கள் கையில் வைத்து, அதில் இருக்கிற படத்தையும் எழுத்தையும் காட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி கர்த்தர் என்னை ஏவினார். உன்மேல் எழுதியது யார்?

ரோமாபுரிக் காசு என்றவுடனே, "அதெல்லாம் எங்கேயோ தூர தேசத்துச் சங்கதி, நமக்கு என்ன?" என்று நினைக்காதீர்கள். நம் புதுக்கோட்டை மண்ணுக்குள்ளேயே அது இருந்தது. 1898-ம் வருஷம், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ராஜா ஆண்ட காலத்தில், நம் ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் சில இன்றைக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாகக் கடல் தாண்டி வந்த தங்கம் அது.

அந்தக் காசுகளில் யார் யார் முகம் இருந்தது தெரியுமா? அகுஸ்துராயன். இவன் கட்டளையினால்தான் யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனார்கள். திபேரியுராயன். இவன் காலத்தில்தான் நம் ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டார். கிலவுதியுராயன். இவன் துரத்தினபடியால்தான் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியை விட்டு கொரிந்துவுக்கு வந்தார்கள். நீரோ. பவுல் அப்போஸ்தலன் அபயமிட்ட இராயன் இவன்தான். கடைசியாக வெஸ்பாசியான். லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் சொல்லுகிற இராயர்கள் எல்லாரும் நம்ம கருக்காக்குறிச்சி மண்ணுக்குள்ளே படுத்துக் கிடந்தார்கள் என்றால் பாருங்களேன்! வேதம் கட்டுக்கதை அல்ல, பிரியமானவர்களே. சரித்திரத்துக்குள் நடந்த சத்தியம்.

அந்தக் கடைசி இராயனாகிய வெஸ்பாசியான் அடித்த ஒரு வெண்கலக் காசைப் பற்றித்தான் இன்றைக்குத் தியானிக்கப் போகிறோம். கருக்காக்குறிச்சிக்கு வந்தது பொன். நான் சொல்லப்போகிற காசு வெண்கலம். அது ரோமாபுரிக் கடைத்தெருவில் புழங்கின காசு. ஆனால் முகம் அதே முகம்.

1. காசு பேசும்

அந்தக் காலத்தில் பத்திரிகை கிடையாது, ரேடியோ கிடையாது. ஒரு ராஜா தன் ஜனங்களுக்கு எதையாவது சொல்ல வேண்டுமானால் காசில் அடித்துச் சொல்லுவான். காசு போகிற இடமெல்லாம் சேதி போகும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வான்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு சின்னச் செப்புக் காசு இருந்தது. அம்மன் காசு என்பார்கள். ஒரு பக்கம் அரண்மனையார் கும்பிட்ட பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற வார்த்தை. விஜய என்றால் வெற்றி. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரைக்கும் இது யாருடைய சீமை, இங்கே யாருடைய ஆட்சி என்பதை அந்தச் சின்னக் காசு சொல்லிக்கொண்டிருந்தது.

ஆண்டவரும் இதைத்தான் கேட்டார். வரி கொடுக்கலாமா கூடாதா என்று சோதிக்க வந்தவர்களிடம், ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதிலிருக்கிற முகம் யாருடையது, எழுத்து யாருடையது என்றார் (மத்தேயு 22:19-21). முகம் எவனுடையதோ, எழுத்து எவனுடையதோ, காசு அவனுக்குச் சொந்தம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முகமும் எழுத்தும்.

காசு எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஒரு வட்ட வில்லையைக் காய்ச்சி, பட்டடை மாதிரி கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் வில்லையை வைத்து, சம்மட்டியால் ஓங்கி ஒரே அடி! அடி விழுந்தால் முகம் பதிந்துவிடும். இப்படிப் பதிகிற முத்திரைக்குக் கிரேக்க பாஷையில் 'காரக்தேர்' என்று பெயர். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படிக்கும்போது கிரேக்கப் பாடத்தில் இதைக் கேட்டு நான் அப்படியே பிரமித்துப்போனேன். ஏனென்றால் நாம் தினமும் பேசுகிற 'கேரக்டர்' என்ற வார்த்தை இதிலிருந்துதான் வந்தது. "அவன் கேரக்டர் சரியில்லை, அவள் கேரக்டர் சரியில்லை" என்று டீக்கடையிலும் குழாயடியிலும் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே, என்ன செய்கிறோம் தெரியுமா? சம்மட்டியை எடுத்து ஒரு ஆத்துமாவின்மேல் முத்திரை அடிக்கிறோம்!

2. பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண்

இப்போது காசைப் பாருங்கள். ஏறக்குறைய 25 கிராம் எடை. நம் பழைய வெள்ளி ரூபாயைவிட அகலம், எடையோ இரண்டு மடங்குக்கு மேல். வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொல்லுகிறோம். உள்ளபடி பார்த்தால் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை வகை. செஸ்டர்ஸ் என்று அதற்குப் பெயர். நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு வெள்ளிப் பணம். திராட்சத்தோட்டத்து வேலைக்காரனுக்கு நாள் முழுக்க உழைத்ததற்குக் கிடைத்தது அந்த ஒரு பணம்தான் (மத்தேயு 20:2). ஆக இந்தக் காசு கால் நாள் கூலி. கருக்காக்குறிச்சிப் பொற்காசு ஒன்றுக்கு இது 100 கொடுக்க வேண்டும். பொன் பணக்காரன் பைக்குள் போகும். இதுவோ கூலிக்காரன், மீன்காரி, சலவைக்காரன் என்று எல்லார் கையிலும் புரளும்.

முன்பக்கம் வெஸ்பாசியான். தடித்த கழுத்து, தலையில் வெற்றி மாலை, சுற்றிலும் அவன் பட்டப் பெயர்கள். திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பேரீச்ச மரம், குலை தள்ளி நிற்கிறது. அது யூதேயா தேசத்துக்கு அடையாளம். மரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கையில் தலையைச் சாய்த்து அழுகிறாள். மறுபக்கத்தில் சில காசுகளில் கைகள் கட்டப்பட்ட ஒரு ஆண், சில காசுகளில் ஈட்டியோடு இராயனே நிற்கிறான். படத்தைச் சுற்றி இரண்டே வார்த்தை: 'யூதேயா காப்தா'. யூதேயா பிடிபட்டாள், சிறைப்பட்டாள் என்று அர்த்தம்.

கி.பி. 70-ல் வெஸ்பாசியானின் மகன் தீத்து எருசலேமைப் பிடித்தான். இவன் பவுல் நிருபம் எழுதின தீத்து அல்ல, சேனாதிபதியான தீத்து. தேவாலயம் எரிந்தது. அந்த யுத்தத்தில் 97,000 பேர் சிறைப்பட்டார்கள் என்று கணக்கு எழுதிவைத்தார் யோசேப்பஸ் என்ற யூத சரித்திரக்காரர். அதற்கு மறு வருஷம், 71-ல், இந்தக் காசு அடிக்கப்பட்டது. பொன்னிலும் வெள்ளியிலும்கூட இதே சேதியை அடித்தார்கள். தகப்பனுக்குப் பிறகு மகனும் அடித்தான். அதோடு விட்டார்களா? யூதர்கள் தேவாலயத்துக்கென்று வருஷந்தோறும் செலுத்திவந்த வரியை, இனிமேல் ரோமாபுரியிலுள்ள யூப்பித்தர் கோவிலுக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அடி வாங்கினவனே அடித்தவன் கோவிலுக்கு வரி கட்ட வேண்டும்!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடிமையாக விற்கப்பட்ட ஒரு யூதப் பெண் ரோமாபுரிக் கடைத்தெருவில் ரொட்டி வாங்கப் போகிறாள். எஜமானி கொடுத்த காசு கையில் இருக்கிறது. விரித்துப் பார்த்தால் அதில் இருப்பது யார்? அவளே! தரையில் உட்கார்ந்து அழுகிற அவளே! அவள் அவமானம் காசாகி, கடைக்குக் கடை கைமாறுகிறது. அவள் துக்கத்தைக் கொடுத்துத்தான் அவள் ரொட்டி வாங்க வேண்டும்.

அந்தக் காசு சொல்லுவது இதுதான்: நீ யார் தெரியுமா? நீ பிடிபட்டவள். வேறே ஒன்றும் அல்ல.

3. காசு அடிப்பதற்கு முன்னே ஒருவர் அழுதார்

ஆனால் பிரியமானவர்களே, அந்தக் காசு அச்சாவதற்கு ஏறக்குறைய 40 வருஷத்துக்கு முன்னாலே ஒலிவமலைச் சரிவில் என்ன நடந்தது? ஜனங்கள் குருத்தோலைகளைப் பிடித்து ஆர்ப்பரித்து வருகிறார்கள். எல்லாரும் மரத்து ஓலையைப் பார்க்கிறார்கள். ஆண்டவரோ நகரத்தைப் பார்த்தார். பார்த்து அழுதார். சத்துருக்கள் உன்னைச் சுற்றிலும் மதில் போட்டு வளைத்து, உன்னையும் உன் பிள்ளைகளையும் தரையாக்கிப் போடும் நாள் வருகிறதே என்று சொல்லி அழுதார் (லூக்கா 19).

ரோமாபுரி அந்தப் பெண்ணின் கண்ணீரைப் பார்த்துச் சிரித்துக் காசு அடித்தது. நம் ஆண்டவரோ அந்தக் கண்ணீர் வருவதற்கு முன்னாலேயே அவளுக்காகத் தம் கண்ணீரைச் சிந்தினார். இதுதான் உலகத்துக்கும் நம் தேவனுக்கும் உள்ள வித்தியாசம். உலகம் உன் விழுகையை விளம்பரம் பண்ணும். கர்த்தர் உன் விழுகையைக் கண்டு அழுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பார்த்தீங்களா, யூதர்களுக்கு நல்லா வேணும்" என்று இந்த இடத்தில் பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. அப்படிப் பேச நமக்கு அதிகாரம் இல்லை. தேவன் தம்முடைய ஜனத்தைத் தள்ளிவிடவில்லை என்று பவுல் ரோமர் 11-ல் அடித்துச் சொல்லுகிறார். ஆண்டவர் அழுத இடத்தில் நாம் கைதட்டக் கூடாது.

4. நம் ஊரிலே விழுந்த மரங்கள்

மரத்தடியில் உட்கார்ந்து அழுகிற பெண்ணை நாமும் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கருக்காக்குறிச்சி, கறம்பக்குடி, அறந்தாங்கி வட்டாரமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரம். முகூர்த்தத்துக்கும் பள்ளிக்கூடப் பீசுக்கும் அதை நம்பித்தான் இருந்தார்கள். விடிந்ததும் ஜனங்கள் தோப்பிலே சாய்ந்த மரத்தின்மேலே கையை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஏசாயா 3:26 வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து தரையில் உட்காருகிற ஒரு பெண்ணை அங்கே காண்பீர்கள்.

அந்த நாட்களில் நம்மோடு ஐக்கியத்தில் இருந்த ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். புருஷன் இல்லை. பத்து பேர் சேர்ந்த குழுவில் கடன் வாங்கியிருந்தாள். வாராவாரம் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் பொறுப்பு. புயலுக்கு முன்னால் ஒரு வாரம்கூடத் தவறினதில்லை. புயலுக்குப் பிறகு நாலு வாரம் கட்ட முடியவில்லை. குழுப் பெண்கள் அவள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராத்திரி எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தெருவே பார்த்தது. அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள்.

அவர்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. அவர்கள் தோப்பும்தான் விழுந்தது, அவர்கள் அடுப்பும்தான் எரியவில்லை. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது? ஒரு பெண்ணின் பெயர் போய்விட்டது. அன்றிலிருந்து தெருவில் அவள் 'கட்டாதவ'. பிள்ளைகள்கூட "கட்டாதவ வீட்டுக்குப் பக்கத்து வீடு" என்று வழி சொன்னார்கள். படம் பதிந்தது, எழுத்தும் பதிந்தது. அவள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நானும் என் வீட்டாரும் போய் ஜெபித்து வந்தோம். "சரிங்கய்யா" என்பாள், வரமாட்டாள்.

இப்படி எத்தனை காசு நம் ஊரில் புரளுகிறது! வாழாவெட்டி. ராசியில்லாதவன். மலடி. குடிகாரன் மகன். கடன்காரன். ஒரு நாள் நடந்ததை ஆயுசுக்கும் பெயராக்கிவிடுகிறோம். ரோமாபுரியைக் குறை சொல்ல நாம் யார்? நம் வாயிலேயே ஒரு காசு அச்சு இருக்கிறதே!

5. அதே மரம், வேறே எழுத்து

இன்னொரு வெண்கலக் காசைக் காட்டுகிறேன். எருசலேம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலே, முற்றுகையின் நெருக்கத்தில், யூதர்கள் தாங்களே வெண்கலக் காசு அடித்தார்கள். 'நான்காம் வருஷம்' என்று அதில் போட்டிருக்கும். அது கி.பி. 69-70. அதிலும் அதே பேரீச்ச மரம்தான்! ஆனால் மரத்தடியில் அழுகிற பெண் இல்லை. இரண்டு பக்கமும் பழம் நிறைந்த இரண்டு கூடைகள். எழுத்து என்ன? 'சீயோனின் மீட்புக்கு'. ஊருக்குள் பசி, வெளியே சேனை. அந்த நிலைமையில் மீட்பு என்று எழுதினார்கள். இன்றைக்கு இஸ்ரவேல் தேசத்தின் பத்து சேக்கல் காசில் 1995 முதல் இருப்பதும் அதே மரமும் கூடைகளும் அதே எழுத்தும்தான்.

மரம் ஒன்றுதான். அடிக்கிறவன் யார் என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. அதே தோப்பு, அதே வீடு, அதே வியாதி, அதே விதவைக் கோலம். சாத்தான் எழுதினால் 'பிடிபட்டாள்'. கர்த்தர் எழுதினால் 'மீட்கப்பட்டாள்'. அல்லேலூயா!

ஆனால் ஒரு எச்சரிப்பும் உண்டு. எருசலேம் விழுந்து 60 வருஷம் கழித்து, 132-ல், யூதர்கள் பார் கோக்பா என்பவன் தலைமையில் மறுபடியும் எழும்பினார்கள். ரோமக் காசுகளை எடுத்து, இராயன் முகத்தை அராவியும் தட்டியும் மழுக்கி, அதன்மேலேயே தங்கள் அடையாளங்களை அடித்தார்கள். சிலவற்றில் உற்றுப் பார்த்தால் அடியிலிருக்கிற இராயனின் மூக்கும் எழுத்தும் இன்னும் தெரியும். 135-ல் அந்தப் போரும் தோல்வியில் முடிந்தது. நாமும் இப்படித்தான் செய்து பார்க்கிறோம். சொந்த பலத்தில் பழைய பெயரை அழித்து, மேலே வேறொரு பெயரை எழுதப் பார்க்கிறோம். புது வீடு கட்டினால் பழைய பெயர் போகும், பையன் வெளிநாடு போனால் போகும் என்று நினைக்கிறோம். அடியிலிருக்கிற முகம் போகிறதில்லை. உள்ளிருக்கிற முத்திரையை மாற்ற மேலிருந்து ஒரு கை வேண்டும்.

6. சிலுவையின்மேல் எழுதினார்கள்

அந்தக் கை எங்கே வந்தது? கொல்கொதாவில் வந்தது.

ரோமாபுரி யூதேயாவின்மேல் எழுதுவதற்கு முன்னாலே, நம் ஆண்டவர்மேல் எழுதியது. பிலாத்து ஒரு பலகையில் எழுதி அவர் தலைக்கு மேலே வைத்தான். எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்று மூன்று பாஷையில் எழுதினான். போகிறவன் வருகிறவன் எல்லாரும் வாசிக்க வேண்டும் அல்லவா! யூதருடைய ராஜா என்று எழுதியிருந்தது. பரியாசமாக எழுதின எழுத்து. பிரதான ஆசாரியர்கள் மாற்றச் சொன்னபோதும் மாற்றமாட்டேன் என்றுவிட்டான். மேலே எழுத்து, கீழே அடிக்கப்பட்ட ஒரு முகம். சிலுவை அன்றைக்கு ரோமாபுரி அடித்த ஒரு காசைப்போலவே இருந்தது. "இவன் பிடிபட்டவன்" என்று உலகத்துக்குக் காட்டுகிற காசு.

மூன்றாம் நாளில் என்ன ஆயிற்று? பிலாத்து பரியாசமாக எழுதினதைப் பிதாவானவர் சத்தியமாக்கிவிட்டார்! அவர் ராஜாதான்! எபிரெயர் 1:3 வாசியுங்கள். குமாரனைப் பற்றிச் சொல்லும்போது, பிதாவின் தன்மை அப்படியே பதிந்தவர் என்பதற்கு அங்கே இருக்கிற கிரேக்க வார்த்தை அதே 'காரக்தேர்'தான். மனுஷர் அடித்து அடித்து அந்தகேடாக்கின அந்த முகத்தில்தான் தேவனுடைய முத்திரை பழுதில்லாமல் இருந்தது. நமக்கு விரோதமாக எழுதப்பட்டிருந்த பத்திரத்தையும் அந்தச் சிலுவையிலேயே சேர்த்து ஆணியடித்தார் (கொலோசெயர் 2:14). இனி உன்மேல் எழுத உரிமை உள்ளவர் ஒருவரே. உன்னை விலைக்கு வாங்கினவர் அவர்.

7. வெட்டுப்பட்டாலும் பொன் பொன்தான்

கருக்காக்குறிச்சிப் பொற்காசுகளில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான காசுகளில் இராயன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! இது இனிமேல் பணமாகச் செல்லாது, தங்கமாக எடைக்கு மட்டும்தான் செல்லும் என்பதற்கு அந்த அடையாளம் என்று பொதுவாக விளக்கம் சொல்லுகிறார்கள். உலகத்தையே ஆண்ட இராயனுடைய முகம் ஒரு உளி வெட்டில் செல்லாமல் போயிற்று. எருசலேமை அழவைத்த வெஸ்பாசியானும் அந்தப் பட்டியலில் கடைசி ஆளாகக் கிடந்தான். ஆனால் தங்கம்? ஒரு குண்டுமணி எடைகூடக் குறையவில்லை.

வாரத்தில் ஆறு நாள் நான் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். சீர்வரிசைக்கு எடுக்கிற பித்தளைக் குடம், அண்டா எல்லாவற்றிலும் பெயர் வெட்டித் தருவோம். ஒரு கஷ்டம் வந்தால் அதே பாத்திரம் எடைக்கு வரும். நசுங்கியிருக்கும், கரிபிடித்திருக்கும், அடி ஓட்டையாக இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு அம்மாவின் பெயர் வெட்டினபடியே இருக்கும். தராசில் வைக்கிறவன் நசுங்கலைப் பார்த்தா எடை போடுவான்? நசுங்கினாலும் பித்தளை பித்தளைதான், பெயரும் பெயர்தான்.

தேவனுடைய சாயலில் உண்டாக்கப்பட்டவர்கள் நாம். பாவம் வெட்டியிருக்கலாம். புருஷன் கைவிட்டது ஒரு வெட்டு, கடன் ஒரு வெட்டு, ஊர்ப் பேச்சு ஒரு வெட்டு. வெட்டு உண்மைதான். இல்லை என்று நடிக்க வேண்டாம். ஆனால் உன் எடை குறையவில்லை. உன் பெயரை வேறே யாரோ அல்ல, ஆண்டவரே தம் உள்ளங்கையில் வெட்டி வைத்திருக்கிறார் (ஏசாயா 49:16). அந்தக் கையிலே ஆணி வெட்டு இருக்கிறது. பெயரும் வெட்டும் ஒரே கையில்!

8. தூசியைத் தட்டு

அந்தச் சகோதரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நம் சபையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வயதான தாயார் இருந்தார்கள். தை மாதத்தில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். இவர்களும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் பண்ணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தெரு வைத்த பெயர் அல்ல, அவளுக்கு அவள் அம்மா வைத்த பெயர். "எந்திரி தாயி. சேலையில தூசி பாரு, தட்டு. ஓலை கெடக்குது, வீணாப் போகுது. ஊற வச்சா கீத்து முடையலாம். ஊரெல்லாம் கூரை இல்லாமக் கெடக்குது" என்றார்கள்.

இரண்டு பேரும் ஓலையைக் குளத்தில் ஊறப்போட்டார்கள். மறுநாள் முதல் உட்கார்ந்து கீற்று முடைந்தார்கள். மூன்றாம் நாள், வாசலில் உட்கார்ந்த அந்த மூன்று சகோதரிகளில் ஒருத்தி வந்து, ஒன்றும் பேசாமல், ஒரு ஓலையை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். கடன் ஒரே நாளில் காற்றிலே பறந்துபோகவில்லை. அடைபட ஒரு வருஷத்துக்கு மேலே ஆனது. ஆனால் உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனைக்கு அவள் வந்தாள். அந்த நாலு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்ததை நான் பிரசங்க மேடையிலிருந்து பார்த்தேன். இதை அற்புதம் என்று சொல்லாமல் வேறே எதை அற்புதம் என்று சொல்லுவேன்?

பிறகு நான் அந்தத் தாயாருக்கு ஏசாயா 52-ம் அதிகாரம் வாசித்துக் காட்டினேன். சிறைப்பட்டிருக்கிற சீயோன் மகளைப் பார்த்து, மண்ணை உதறிவிட்டு எழும்பு, கழுத்துக் கட்டை அவிழ்த்துப்போடு என்று கர்த்தர் சொல்லுகிற இடம். 'யூதேயா காப்தா' என்று ரோமாபுரி எழுதுவதற்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கர்த்தர் எழுதிவைத்த பதில் அது. அந்தத் தாயார் கேட்டுவிட்டு, "நான் சொன்னதத்தானய்யா அவரும் சொல்லியிருக்காரு" என்றார்கள்!

ஆகவே தேவ பிள்ளைகளே, இரண்டு காரியம் கேட்டுக்கொள்ளுகிறேன்.

ஒன்று, உன்மேல் ஊர் எழுதின எழுத்தை நீயே வாசித்து வாசித்து உட்கார்ந்திருக்காதே. கைவிடப்பட்டவள் என்ற பெயர் இனி உனக்கு இல்லை, கர்த்தருடைய வாயே உனக்குப் புதுப் பெயர் வைக்கும் என்று ஏசாயா 62 சொல்லுகிறது. சகேயுவைப் பாவி என்றது ஊர். ஆபிரகாமின் குமாரன் என்றார் ஆண்டவர். பதினெட்டு வருஷம் கூனியாயிருந்தவளை ஆபிரகாமின் குமாரத்தி என்றார். உன்னையும் பெயர் சொல்லி அழைக்கிறார். எழும்பு.

இரண்டு, நம் சபைக்கு வராமல் நின்றுபோனவர்கள் யார் யார் என்று இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். கடனால் நின்றவர்கள், வழக்கால் நின்றவர்கள், மகள் செய்த கல்யாணத்தால் நின்றவர்கள். அவர்களுக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? அடுத்த உபவாசக் கூட்டத்துக்கு முன்னே ஒரு வீட்டுக்காவது போங்கள். வசனப் புத்தகத்தைத் தூக்குவதற்கு முன்னாலே தரையில் உட்காருங்கள். அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தவணைக்கு உதவ முடிந்தால் உதவுங்கள். முடியாவிட்டால் ஓலையாவது பிடியுங்கள். எழுப்புதல் வரவேண்டும் என்று முழு இரவு ஜெபிக்கிறோம். தூசியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை எழுப்பிவிடுவதும் எழுப்புதல்தான்.

ஜெபிப்போமா?

அன்பின் பரம பிதாவே, இராயர்களுடைய முகமெல்லாம் மண்ணுக்குள் போயிற்று, உம்முடைய முகமோ எங்கள்மேல் பிரகாசிக்கிறது, ஸ்தோத்திரம். எங்கள்மேல் சத்துரு எழுதின எழுத்தை உம்முடைய குமாரனின் இரத்தத்தினால் கழுவும். எங்கள் நாவிலிருக்கிற அச்சை உடைத்துப்போடும். மரத்தடியில் அழுதுகொண்டிருக்கிற ஒவ்வொரு மகளையும் மகனையும் பெயர் சொல்லி எழுப்பும். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிற கிருபையை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்